வாங்கிக் கட்டிக்கொண்டவர்

"வண்டியா வித்தீங்க? வயித்தெரிச்சலை வித்திருக்கீங்க!"

உள்ளே கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

பழைய கார் வியாபாரி கடையைச் சாத்துகிற நேரம். பாதி விளக்கை அணைத்துவிட்டு, டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து நின்றார்.

"உட்காருங்கம்மா..."

"உட்கார்ந்து விருந்து சாப்பிடவா வந்திருக்கோம்?"

அவளுக்குப் பின்னால் மாமனார். அவருக்கும் பின்னால், மருந்துக்கடையைப் போட்டது போட்டபடி பூட்டிவிட்டு வந்த புருஷன். பொது இடத்தில் இப்படிக் கத்துகிறாளே என்று அவனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

வண்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கறுப்பு நிறச் சொகுசு கார். ரொம்பப் பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை. தோல் சீட். கதவைச் சாத்தினால் தலையணையை வைத்த மாதிரி சத்தமே வராது. புதுசுக்கு ஆசைப்பட முடியாமல் பழசாக வாங்கியது.

தேர்ந்தெடுத்தது அவன் அப்பா. ஆயுசு பூரா பஸ் ஓட்டியவர். இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது நம்மைக் கைவிடாதுடா" என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து டிவி முன்னாலேயே கிடந்த மனுஷன், வண்டி வந்த மறுநாளே சவரம் பண்ணி, சட்டையை உள்ளே விட்டு, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரமே வீட்டுக் கேட்டில் ஒரு உரசல். "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சு, சாவி என்கிட்ட வந்துடும்ப்பா" என்று அன்றைக்கே மகன் சொல்லி வைத்திருந்தான்.

நேற்று வண்டி குலுங்கிக் குலுங்கி, புகையைக் கக்கிவிட்டு நடு ரோட்டில் நின்றுவிட்டது. கட்டி இழுத்து வந்து இந்தக் கடையில் போட்டார்கள். அப்பா சாவியை மகன் கையில் கொடுத்தார். அப்புறம் சாப்பிடவும் இல்லை.

"இது பெட்ரோல் வண்டின்னு சொல்லித்தானே கொடுத்தீங்க?" என்றாள் அவள்.

"ஆமாம்மா. பெட்ரோல் வண்டிதான்."

"பெட்ரோல் வண்டி எங்கயாவது லாரி மாதிரி புகை விடுமா? இன்னொரு தடவை சொல்லுங்க, என்ன வண்டி?"

"பெட்ரோல் வண்டிம்மா..."

புருஷன் பல்லைக் கடித்தான். "ஏய், போதும்."

"நீங்க சும்மா இருங்க!"

வியாபாரி தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு என்னுதுதாம்மா. ரொம்ப நாள் கடையிலயே நின்ன வண்டி. டேங்க் அடியில கசடு தங்கிடுச்சு. சுத்தமா கழுவி, ஃபில்டர் மாத்திட்டேன். இனிமே நிக்காது."

"விக்கிறதுக்கு முன்னாடி உங்க கண்ணு என்ன பிடரியிலயா இருந்துச்சு?"

அதுவரை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "கசடா?"

"ஆமாங்கய்யா. ஓட்டினவங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

"அதானே பார்த்தேன்!" அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். "என் கையில ஒரு வண்டி இப்படி நின்னதா சரித்திரமே இல்லய்யா! நாலு பேர் குடும்பம் போற வண்டி. பார்த்துக் கொடுக்க வேணாம்?"

மாமனாரும் மருமகளும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டார்கள். வியாபாரி அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றார்.

"டேங்க் மூடியில பெரிசா 'பெட்ரோல்'னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன்ம்மா..."

"ஸ்டிக்கர் ஒட்டினா பண்ணின பாவம் தீர்ந்திடுமா? வாங்க மாமா, இந்த ஆளோட நமக்கென்ன பேச்சு!"

இருவரும் வெளியே போனார்கள். அப்பா கைவீசி நடந்தார்.

புருஷன் மட்டும் நின்றான்.

"மன்னிச்சுக்கங்க. ஒத்துக்கிட்ட மனுஷனைப் போய் இப்படியா பேசுவா? வீட்டுக்குப் போய் நான் கேக்கிற கேள்வியில, நாளைக்கு அவளே வந்து உங்க கால்ல விழுவா, பாருங்க."

"ஐயையோ! அப்படி எதுவும் பண்ணிடாதீங்க சார்."

வியாபாரி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டுத் தங்கச்சி காலையிலயே போன் பண்ணிடுச்சு. 'அண்ணே, சாயங்காலம் கடையில ஆள் இல்லாத நேரமாப் பார்த்து வந்து, உங்களைக் கண்டபடி திட்டுவேன். பொறுத்துக்கங்க'ன்னு."

"என்னது? எதுக்கு?"

"டேங்க் பூரா டீசல் சார். பஸ் ஓட்டின பழக்கம். ஐயா பங்க்ல தன்னை மறந்து டீசல்னு சொல்லியிருக்கார். வழிஞ்சதைத் துடைச்ச கையைச் சட்டையிலயும் தடவியிருக்கார். அதைத் துவைக்கும்போதே தங்கச்சிக்கு மூக்கு சொல்லிடுச்சு. 'மாமாவுக்குத் தெரிஞ்சா மறுபடி அந்த டிவி முன்னாடி போய் உக்காந்துடுவார் அண்ணே'ன்னு அழுதுச்சு. கழுவின கூலியைக்கூட அதுவே அனுப்பிடுச்சு."

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

வியாபாரி தயங்கினார். "உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னுதான் சார் முதல்ல சொல்லுச்சு."

வெளியே அப்பா பின்சீட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். அவன் போய் அந்தக் கதவைச் சாத்தினான். சாவியை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"நீங்க எடுங்கப்பா."

வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. பின்னாலிருந்து மனைவி இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"நீ விட்டது தப்பு" என்றான். "அந்த ஆளை இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கணும்!"