பிளாஸ்ரிக் கப்

"கிளாசில குடுக்காதையும். அந்தாளுக்குப் பிளாஸ்ரிக் கப்பில ஊத்தும்," என்றார் நவரத்தினம், சிரித்த முகம் மாறாமல்.

தேநீர்த் தட்டோடு நின்ற ஜெகதீஸ்வரி கணவரைப் பார்த்தார். "கான்சர் தொத்தாது எண்டுதானே சொல்லுறவை?"

"தொத்துதோ இல்லையோ, கிளாஸ் எங்கட."

பின்வரிசையில், ஒரு மூலையில், தனியாக உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார் அந்த மனிதர். மொட்டைத் தலை, ஒட்டிய கன்னம், கறுத்துக் காய்ந்த தோல், இடுப்பில் கசங்கிய சாரம். முகம் கழுவிவிட்டு அவர் வெள்ளவத்தை மண்டபத்துக்குள் கால் வைத்ததுமே நவரத்தினம் ஆளை எடை போட்டுவிட்டார். பார்த்த பார்வையிலேயே ஆளைக் கணித்துவிடுவதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

"காதடியில இருந்து நாடி வரைக்கும் ரெண்டு வெள்ளைக் கோடு கிடக்கு, கண்டீரே? ரேடியேசன் குடுத்த அடையாளம்," என்று மனைவிக்கு விளக்கினார். வங்கியில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு வைத்தியமும் தெரிந்திருந்தது.

பருத்தித்துறையிலிருந்து கொழும்புவரை ஓர் ஆள் சைக்கிள் ஓடி, புற்றுநோயாளருக்கு மருந்து வாங்க நிதி சேர்த்திருந்தார். ஆஸ்பத்திரியில் கையிருப்பு இல்லாத ஊசி. வெளியில் வாங்கினால்தான் உண்டு. ஓடியவரும், அந்த ஊசிக்குக் காத்திருக்கும் நோயாளி ஒருவரும் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

ஓடியது யாரோ, கொடுத்தது யாரோ. வரவேற்பு மட்டும் நவரத்தினத்தின் நலன்புரிச் சங்கத்தினுடையது. அடுத்த வாரம் சங்கத் தலைவர் தெரிவு. அதற்குள் பத்திரிகையில் ஒரு படம் வராவிட்டால் தலைவர் கதிரை கைவிட்டுப் போய்விடும் என்று அவருக்கு நித்திரையே இல்லை.

மேடைப் பதாகையில் அவருடைய முகம் ஆளுயரத்துக்குச் சிரித்தது. கீழ் மூலையில், முத்திரை அளவில், ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக இன்னொரு முகம் இருந்தது. சைக்கிள் ஓடிய தேனுஜன் அதுதான். பெயரை எழுதியிருக்காவிட்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது.

முன்வரிசையில் மாலையும் கழுத்துமாக இருந்தவர் வேறு ரகம். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றபோதே நவரத்தினம் ஓடிப்போய் மாலையைப் போட்டிருந்தார். உருண்டு திரண்ட முகம், ஓட்டத்துக்கென்று அச்சடித்த மஞ்சள் ரீசேர்ட்.

"முகத்தைப் பாரும், பூரிச்சுப்போய் இருக்கு. உடம்பைக் கவனிச்சா இப்பிடித்தான் இருக்கும்."

"புறங்கையில பஞ்சு வைச்சு பிளாஸ்ரர் ஒட்டியிருக்கு, பாவம்," என்றார் ஜெகதீஸ்வரி.

"சைக்கிளால விழுந்திருப்பார். உதெல்லாம் இவைக்கு ஒரு காயமே?"

மாலைக்காரர் மெல்ல எழுந்தார். "ஐயா, நான் உங்களிட்ட ஒண்டு சொல்லோணும்..."

"நீங்கள் ஒண்டும் கதைக்காதையுங்கோ. எவ்வளவு தூரம் வந்து களைச்சுப்போய் நிக்கிறீங்கள்." நவரத்தினம் அவரை இழுத்துக் கட்டிப்பிடித்தார். படம் எடுப்பவர் கமராவைத் தூக்குமுன்னரே அது முடிந்துவிட்டதால், இன்னொரு முறையும் கட்டிப்பிடித்தார்.

இரண்டாவது முறை அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார்; பிடியை உடனே விடவுமில்லை. தன்னைப் போன்ற ஒருவர் அணைத்தால் யாருக்கும் மனம் நெகிழத்தானே செய்யும் என்று நவரத்தினம் நினைத்துக்கொண்டார்.

பின்வரிசையில் மொட்டைத்தலைக்காரர் ரோல்ஸ் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"கான்சர் வருத்தக்காரனுக்கு இவ்வளவு பசியோ? ஓசியெண்டா எல்லா வருத்தமும் சுகமாயிடும்," என்று நவரத்தினம் முணுமுணுத்தார்.

மொட்டைத்தலைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னே வரப் பார்த்தார். நவரத்தினம் நாயை விரட்டுவதுபோல் கையைக் காட்டினார். "அங்கயே இருங்கோ. செக் குடுக்கேக்க கூப்பிடுறம்." மொட்டைத்தலைக்காரர் மாலைக்காரரைப் பார்த்தார். மாலைக்காரர் சின்னதாகச் சிரித்துத் தலையாட்டினார். அவரும் சிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

நவரத்தினம் மைக்கைப் பிடித்தார். பிடித்தால் விடுகிற ஆள் இல்லை. "புற்றுநோயாளரை நாங்கள் ஒதுக்கக்கூடாது. கிட்டப் போகோணும், கையைப் பிடிக்கோணும். எங்கட சங்கம் எண்டைக்கும் அதைத்தான் செய்து வருது." பின்வரிசையில் அந்த மனிதரைச் சுற்றி ஒரு கதிரையிலும் ஆள் இல்லை. கைதட்டலுக்கு மட்டும் குறைவில்லை.

அடுத்து, சைக்கிள் வடிவில் செய்த கேக். நவரத்தினம் ஒரு துண்டை வெட்டி மாலைக்காரருக்கு ஊட்டினார். கடித்த மிச்சத்தை, கமரா பார்க்கிறதா என்று பார்த்துவிட்டு, தன் வாயில் போட்டார்.

"ஒரே குடும்பம் மாதிரி," என்றார் கேக்கை மென்றபடியே. "இப்ப எங்கட வீரர் ரெண்டு வார்த்தை கதைப்பார்."

மாலைக்காரர் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"தேனுஜன் பின்னுக்கு இருக்கிறார், இந்த மாலை அவருக்கு. அவர் முகம் கழுவப் போகேக்க சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதுதான் நான், மருந்தில ஊதின முகத்தோட," என்றார். பிறகு நவரத்தினத்தின் பக்கம் திரும்பினார்.

"அவரை விட்டால், இந்த வருத்தக்காரனைக் கட்டிப்பிடிச்ச ஒரே ஆள் நீங்கள்தான், ஐயா."