ஐந்தாவது டெமோ

"இது அஞ்சாவது டெமோ சார். இன்னிக்காவது ஒரு முடிவு சொல்லுங்க" என்றபடி மடிக்கணினியைத் திறந்தார் சாப்ட்வேர்க்காரர்.

நாடகக் குழுவின் செயலாளருக்குப் பகீரென்றது. முடிவு சொல்லிவிட்டால் இந்த மனிதர் ஆறாவது தடவை வரமாட்டார். வாங்கினாலும் வரமாட்டார், வாங்காவிட்டாலும் வரமாட்டார்.

"அவசரப்பட்டா எப்படி சார்? நடிகர், ரசிகர், நன்கொடை தர்றவர்னு அத்தனை பேர் விவரமும் இதுக்குள்ள போகணும். சும்மாவா? ஒருத்தர் பாதி நாடகத்துல எழுந்து போயிட்டாருன்னா அதை எங்க எழுதறது?"

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. போன வாரமே காட்டினேனே."

"எழுந்து போனவர் நடிகரா இருந்தா?"

"அதே கட்டம்தான் சார்."

"கோவிச்சுக்கிட்டுப் போனவங்களைத் தனியா வைக்கணும்."

சாப்ட்வேர்க்காரர் தனியாக வைத்தார்.

"திரும்ப ராசியாயிட்டா?"

ஒரு பொத்தானைத் தட்டி ராசியாக்கினார். செயலாளர் வாயைப் பிளந்தார். அவர் ஒரு முழு வருஷம் வீடு வீடாக அலைந்தும் முடியாத காரியம் அது.

ஒத்திகை அறையில் முப்பது நாற்காலிகள். இரண்டில் ஆள் இருந்தது.

"உங்க லிஸ்டைக் குடுங்க சார், நானே ஏத்தித் தர்றேன். ரெண்டு மூணு நாள் ஆகும், பரவாயில்லை."

செயலாளர் மேசை இழுப்பறையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். உள்ளே ஒட்டு மீசை ஒன்று கிடந்தது. இனி இழுத்தடிக்க வழியில்லை.

"லிஸ்ட் இல்ல சார். குழுவே இல்ல. போன வருஷமே ஆளுக்கொரு திசையா போயிட்டாங்க. சாவி மட்டும் எங்கிட்ட தங்கிடுச்சு. வீட்லயும் பேச ஆளில்ல. பழைய விளம்பரத் தாள்ல உங்க நம்பர் இருந்துச்சு... வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு மனுஷ முகத்தைப் பாக்கலாமேன்னு கூப்பிட்டேன். திட்டணும்னா திட்டிடுங்க."

சாப்ட்வேர்க்காரர் திட்டவில்லை. டையைத் தளர்த்திக்கொண்டார். எழுந்து போகாமல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"முடிவு கேக்காம இருந்தா உங்களுக்குச் சந்தேகம் வந்துடுமேன்னுதான் சார் கேட்டேன்" என்றார். "நீங்க முதல் தடவை போன் பண்ணப்பவே எங்க கம்பெனியை மூடி மூணு மாசம் ஆயிருந்துச்சு."