மூன்றாவது கட்டு

"அதைப் பிரிக்காதீங்க, நானா. அவரு கையால கட்டின கடைசி வயர்க் கட்டு."

வேலம்மா, கொழுந்து உருட்டும் ரோலரின் மோட்டருக்குப் பக்கத்தில் வெறும் சிமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் சன்னாசியைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை.

"பிரிச்சுப் பார்க்காம ஒண்டும் சொல்ல ஏலாதே, தங்கச்சி" என்றார் பதுர்தீன். மாத்தளை டவுனில் மோட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். பொலிஸ் கேட்டுக்கொண்டதால், உக்குவளைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரிக்கு வந்திருந்தார்.

சன்னாசி செத்தது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். மற்றவர்கள் சாப்பிட லயத்து வீடுகளுக்குப் போயிருக்க, அவன் மோட்டரின் மூன்று வயர்களையும் புதுக் கேபிளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அப்படி வேலை நடக்கும்போது யாரும் தெரியாமல் கரண்டைப் போட்டுவிடாதபடி சுவிட்சடியில் ஒருவர் காவல் நிற்பது ஃபெக்டரி வழக்கம். அன்று நின்றவன் வேலம்மாவின் தம்பி லெட்சுமணன்.

"வேலை முடிஞ்சிருச்சு, சுவிட்சப் போடுடான்னு மச்சான்தான் சொன்னாரு. போட்டேன். கட்டத் தொட்டுப் பார்த்தாரு, கரண்டு தூக்கி அடிச்சிருச்சு" என்று அவன் பொலிஸில் சொல்லியிருந்தான்.

கட்டியதில் பிழை இருந்தால் அது செத்தவனின் பிழை. லெட்சுமணன் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் வாசலில் நிற்கும் பொலிஸ் ஜீப்பில் ஏற வேண்டும்.

ஃபெக்டரியை நடத்தும் டீமேக்கர் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். லெட்சுமணன் கோப்பையை வலது கையால் வாங்கினான். இடது கை, ரோலரில் நசுங்கிய நாளிலிருந்து துணிப்பொதியாகக் கழுத்தில் தொங்கியது. அதனால்தான் அவனுக்குச் சுவிட்சடியில் சும்மா நிற்கும் வேலை.

"வீட்டுல எப்படியோ, வேலையில சன்னாசி தங்கம்" என்றார் டீமேக்கர். "அவன் பிழை விட்டிருப்பான்னு என்னால நம்ப முடியல."

"அவரும் மனுசன்தானுங்களே ஐயா" என்று வேலம்மா அவசரமாகச் சொன்னாள். "தடிச்ச கேபிளையும் மெல்லிசு வயரையும் சேக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லேன்னு அவரே சொல்லுவாரு."

டீமேக்கர் பெருமூச்சு விட்டார். புருஷனைத்தான் காப்பாற்ற முடியவில்லை, தம்பியையாவது காப்பாற்றப் பார்க்கிறாள், பாவம்.

பதுர்தீன் முதல் கட்டைப் பிரித்தார். மோட்டர் வயர் ஒல்லி. புதுக் கேபிள் அதைவிட நல்ல தடிப்பு. சன்னாசி ஒல்லியை மடித்து இரட்டையாக்கி, தடித்ததோடு செம்புக் குழலுக்குள் இறுக்கி, ஈயம் ஊற்றியிருந்தான். மேலே ரப்பர் டேப், எங்கும் பள்ளம் விழாமல், தடிப்பிலிருந்து ஒல்லிக்குச் சரிவாக இறங்கியது. அதற்கு மேல் கறுப்பு டேப்.

"மாஷா அல்லாஹ்! எங்கட கடையிலயும் இப்படிக் கட்ட ஆளில்ல."

இரண்டாவது கட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாவதில் கறுப்பு டேப் நாலு சுற்றிலேயே கழன்று வந்தது. உள்ளே ரப்பர் டேப் இல்லை. குழலில் ஈயம் இல்லை. வெறும் செம்பு பளபளத்தது.

"பார்த்தீங்களா நானா? பிழைதானே? அவரு பிழைதானே?" வேலம்மா எழுந்தே விட்டாள்.

பதுர்தீன் அந்த டேப்பை முதலிரண்டு கட்டுகளின் டேப்போடு ஒத்துப் பார்த்தார்.

"இல்ல தங்கச்சி. இந்த டேப் அவர் சுத்தினதே இல்ல. ஈயம் ஊத்தாம அந்த மனுசன் வேலை முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்க மாட்டார். இத அவர் கையில புடிச்சுக்கொண்டு இருக்கக்குள்ளதான் ஆரோ சுவிட்சப் போட்டிருக்கிறாங்க. மௌத்தான பிறகு, வேலை முடிஞ்ச மாதிரிக் காட்ட மேலால டேப்பச் சுத்தியிருக்கிறாங்க."

கூட நின்ற பொலிஸ் சார்ஜன்ட், லெட்சுமணன் பக்கம் திரும்பினார். "அந்த நேரம் வேற யாரு இங்க இருந்தது?"

"யாருமில்லீங்க. சோத்துப் பார்சல் கொண்டாந்த அக்கா கூட, எல்லாம் முடிஞ்ச பொறகுதான் வந்துச்சு."

"ஐயா, நான் வரும்போது..." வேலம்மா வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு!" லெட்சுமணன் அதட்டினான். "நான்தாங்க போட்டேன். டேப்பும் நான்தான் சுத்துனேன். அந்தாளு மேல எனக்கு ரொம்ப நாள் கோவம். ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க."

பதுர்தீனின் பார்வை, கையிலிருந்த டேப்பிலிருந்து அவன் கழுத்தில் தொங்கிய துணிப்பொதிக்குப் போய் ஒரு கணம் நின்றது. பிறகு அவர் குனிந்து, தன் கருவிகளைப் பைக்குள் அடுக்கத் தொடங்கினார்.

வேலம்மா தலையில் அடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். "இந்தப் பாவிய விட்டுட்டு நீ போறியேடா, தம்பி!"

"ஒரே குடும்பத்துல ரெண்டு இழவு" என்று டீமேக்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லெட்சுமணன் அவளருகே குந்தினான். அழுகையில் நழுவிய முந்தானையை இழுத்து, அவள் தோளில் பழுத்துக் கிடந்த சூட்டுக் காயத்தை மூடினான். அவள் காதோடு குனிந்தான்.

"அழாதக்கா. நீ சுவிட்ச் போட்டத நான் பாக்கவே இல்ல."