மூடாமல் விட்ட பிராக்கெட்

மாலை நாலு இருபது. அமெரிக்காவில், எடிசன் நகர அபார்ட்மெண்டின் சாப்பாட்டு மேசையில் எழிலரசி தன் பிஎச்டி ஆய்வேட்டை பிடிஎஃப் ஆக்கப் போராடிக்கொண்டிருக்கிறாள். ஐந்து மணிக்குள் அப்லோட் பண்ணாவிட்டால் பட்டம் அடுத்த மே மாதத்துக்குத் தள்ளிப்போகும். நிரல் போலக் குறியீடுகளோடு எழுதிய கோப்பை ஓடவிடும்போதெல்லாம் அதே சிவப்பு எழுத்து: கோப்பு பாதியிலேயே முடிந்துவிட்டதாம், கடைசி வரியில் பிழையாம். கடைசி வரியில் ஒரு குறையும் இல்லை. அவள் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கிறது. நேற்றைய சண்டைக்குப் பிறகு பேசாமலிருந்த கணவன் இனியன், ஆறிப்போன டீயை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறான்.

“எங்கயோ ஒரு பிராக்கெட்டைத் திறந்துட்டு மூடாம விட்டிருக்கே. சாஃப்ட்வேர் மூடுற பிராக்கெட்டைக் கடைசி வரைக்கும் தேடிப் பார்த்துட்டு அங்க வந்து எர்ரர் காட்டுது. நேத்து என்ன எடிட் பண்ணே?”

அவள் லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளுகிறாள். அவன் முதல் பக்கங்களுக்குப் போகிறான். நன்றியுரையில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், லேப் தோழிகள் இருக்கிறார்கள், அம்மா அப்பா இருக்கிறார்கள். போன வாரம் அவன் படித்த கடைசி வரி மட்டும் இல்லை. அதன் முடிவில் இருந்த பிராக்கெட்டும் இல்லை.

“கோவத்துல டெலீட் பண்ணிட்டேன்,” என்கிறாள், திரையைப் பார்த்தபடியே.

“பரவால்ல. பிராக்கெட்ட மட்டும் போடு. டைம் இல்ல.”

போடுகிறாள். இருநூற்றுப் பதினாலு பக்கங்களும் பிழையில்லாமல் வந்து நிற்கின்றன. மணி நாலு ஐம்பத்தொன்று. அவள் மறுபடி கோப்பைத் திறக்கிறாள்.

“ஏய், அதான் வந்துருச்சுல்ல! மறுபடி எதுக்குத் தொடறே?”

“இருங்க,” என்று சொல்லிவிட்டு, மூடிய பிராக்கெட்டுக்கு முன்னால் அவன் பெயரை எழுதத் தொடங்குகிறாள்.