குதிரைத் தீவனக் கட்டணம்

தராசுகளுக்கு முத்திரையிடும் அலுவலகம் அது. கட்டணங்களைச் சீரமைக்க அமர்த்தப்பட்ட ஆலோசகர், ‘ஆய்வாளர் குதிரைக்குத் தீவனம்’ என்ற இனத்தில் பேனாவை வைத்தார்.

“இதை அடிச்சிடலாமே மேடம்? இப்ப ஏது குதிரை?”

கண்காணிப்பாளர் செண்பகவல்லி பெருமூச்சோடு எழுந்தாள். முன்பு வந்த ஆலோசகர்களையும் அவள்தான் பின்கட்டு லாயத்துக்குக் கூட்டிப்போனாள்.

“அது செத்ததுக்குச் சான்றிதழ் இல்ல சார். வசூல் பண்றோம், அதனால புல்லும் போட்டாகணும்.”

வெறும் லாயத்தின் தொட்டியில் ஒரு கட்டுப் புல்லைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

எல்லோரும் பேனாவைத் தவறவிடுவது இங்கேதான். முழங்காலைப் பிடித்தபடி குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

தொட்டி காலியானதும் ஆலோசகர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அதுக்கு ஒரு கட்டு போதுமா மேடம்?”