எண்பத்து நாலு நாள்

இலுப்பூரில் செல்லமுத்துவின் கடைக்கு இன்டர்நெட் விற்க வந்தவர்களில் ரஞ்சிதா நாலாவது ஆள். முதலில் வந்தவன் வேலையை உதறிவிட்டு ஆட்டுப்பண்ணை வைத்துவிட்டான் என்றும், மற்ற இருவரும் இலுப்பூர் பஸ்ஸைப் பார்த்தாலே ஒளிந்துகொள்கிறார்கள் என்றும் புதுக்கோட்டை ஆபீசில் பேச்சு.

செல்லமுத்து செய்வது ப்ரீசர் பெட்டி வாடகை. செத்தவரைக் கிடத்துகிற கண்ணாடிப் பெட்டி.

‘உள்ளே படுத்திருப்பவரா வீடியோ பார்க்கப் போகிறார்?’ என்று ரஞ்சிதாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் ஒரு கனெக்‌ஷனாவது பிடிக்காவிட்டால் நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

“ஸ்பீடைப் பாருங்கய்யா. பறக்குது!”

“கடையில பறந்து என்ன செய்ய ஆத்தா? ஆவூர் கல்லறைத் தோட்டத்துல எடுக்குமா?”

“கல்லறையிலயா?”

“இப்பல்லாம் ஒரு புள்ள ஊர்ல இருந்தா ரெண்டு புள்ள வெளிநாட்டுல இருக்கு. பெட்டியோட வீடியோவும் சேத்துக் குடுக்கணும். நம்ம கஸ்டமரு ரெண்டாந்தடவ வரமாட்டாரு. மொதத் தடவையே சரியாச் செஞ்சுபுடணும்.”

“எங்க கம்பெனி எல்லா எடத்துலயும் எடுக்குங்கய்யா.”

“முன்ன வந்த மூணு பேரும் இதத்தான் சொன்னாய்ங்க. ஏறு வண்டியில.”

‘சாவிலும் காசு பார்க்கிற மனுசன்’ என்று நினைத்தபடி ஏறினாள்.

வண்டியை ஓட்டியவன் சந்தனம். செல்லமுத்துவின் இருபது வருசத்து ஆள். நாலு பேர் தூக்குகிற பெட்டியை ஒற்றை ஆளாக இறக்குவான் என்பார்கள். கேட்பவர்கள் பாதியைக் குறைத்துக்கொண்டாலும் பெரிய பலசாலிதான்.

கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே ரஞ்சிதா கையிலிருந்த வைஃபை டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது.

“இங்கயே அருமையா எடுக்குதுங்கய்யா!”

செல்லமுத்து நிற்கவில்லை. வழியில் இரண்டு இடத்தில் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு, வடகோடி மூலைக்குப் போய்ச் சேர்ந்தார். சவூதியில், தம்மாமில் இருக்கும் மகனுக்கு அந்த வைஃபையிலேயே வீடியோ கால் போட்டார்.

“டேய் ஜஸ்டின், என் காலுகிட்ட என்னடா தெரியுது?”

“அம்மா கல்லறைப்பா. சிலுவை மேல கட்டெறும்பு போகுது.”

“எத்தன?”

“ரெண்டு... இல்ல, மூணு.”

செல்லமுத்து குனிந்து எண்ணினார். மூன்றுதான்.

“பக்கத்துல?”

“வெறுந்தரை. நெருஞ்சி மொளச்சுக் கெடக்கு. ஏம்ப்பா கை நடுங்குது?”

“வெயிலுடா.”

போனைச் சந்தனத்திடம் நீட்டினார். “நீ புடி. வெயிலு ஒன் முதுகுல விழணும். படம் ஆடக் கூடாது.”

சந்தனம் பத்து நிமிசம் கல்தூண் மாதிரிப் பிடித்தான். கை அசையவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தாரை தாரையாக ஊற்றியது.

“அழுகுறதா இருந்தா அவன் போன வச்சப்பறம் அழுதுக்கடா” என்று செல்லமுத்து அவன் காதருகில் முணுமுணுத்தார்.

ஒரு போனைப் பிடிக்கவா இத்தனை அழுகை? ரஞ்சிதாவுக்குப் புரியவில்லை.

பேசி முடித்ததும் செல்லமுத்து மெல்ல உட்கார்ந்தார்.

“ரெண்டு வருசத்துக்கு முன்ன ஜஸ்டின் ஆத்தாளை இங்கதான் வச்சோம். அங்க லாரி ஓட்டப் போனவன், ஆக்ஸிடென்ட் கேசுல மாட்டிக்கிட்டான். இன்னைக்கு வரைக்கும் கேசு முடியல. முடியாம நாட்டை விட்டு நகர முடியாது. அன்னைக்கும் போன்லதான் காட்டினோம். பெட்டிய மூடுற நேரம் பாத்து படம் நின்னு, வட்டம் சுத்த ஆரம்பிச்சிருச்சு. நாங்க மண்ணத் தள்ளிட்டு வீட்டுக்குப் போனப்பறமும் இவன் அந்த வட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்திருக்கான்.”

ரஞ்சிதா, காசு பார்க்கிற மனுசன் என்று நினைத்தோமே என்று கூசினாள். இனி எந்தப் பிள்ளைக்கும் அந்த வட்டம் சுத்தக் கூடாது என்றுதானே இந்தப் பாடு!

“இந்த டப்பாவே இருக்கட்டும் ஆத்தா. நல்லா எடுக்குது” என்றார்.

வேலை தப்பித்தது. சந்தோசமாக விண்ணப்பப் பாரத்தை எடுத்தாள்.

“வருசப் பிளானாப் போட்டுக்கங்கய்யா. ரெண்டு மாசம் ஓசி.”

“எண்பத்து நாலு நாள் பிளான் ஒண்ணு இருக்குல்ல? அது போதும்.”

“யாவாரத்துக்கு யாருங்கய்யா மூணு மாசத்துக்குப் போடுவாக?”

“போதும்ங்கிறேன்ல. பேரும் சந்தனம் பேருலயே போட்டுரு.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. கடை இவருடையது. பேர் மட்டும் வேலைக்காரனுடையதா? மூணு மாசம் ஓட்டிவிட்டுக் கம்பி நீட்டுவதற்குத்தான்! இரக்கப்பட்டது தப்பு. கடைசியில் பார்த்தால் கடைந்தெடுத்த கஞ்சன்.

“எண்பத்து நாலு நாள்ல முடிஞ்சிரும்யா. அப்பறம் என்ன செய்வீங்க?” என்றாள் வெடுக்கென்று.

செல்லமுத்து பக்கத்து வெறுந்தரையில் கிடந்த நெருஞ்சியைச் செருப்புக் காலால் ஒதுக்கிவிட்டார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

“டாக்டரு எனக்கு அறுவது நாளுதான் போட்டுக் குடுத்திருக்காரு ஆத்தா. ஒங்க கம்பெனி தாராளந்தான். இருபத்து நாலு நாள் கூடவே குடுக்குது.”