கோரைக்கு மேல் விரித்தது

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு மகள் யாரோடோ போய்விட்டாள். அவளும் மாப்பிள்ளையும் சிரிக்கிற பிளக்ஸ் பேனர் மட்டும் சொன்ன தேதிக்கு வீடு வந்து சேர்ந்தது. அருமைநாயகம் அதை வீட்டுக்குப் பின்னால் கோரை மண்டிய இடத்தில், முகம் மண்ணில் படும்படி கவிழ்த்து விரித்துச் சுற்றிலும் பாறாங்கல் வைத்தார். "வெட்ட வெட்டக் கோரை பெருகத்தான் செய்யும். வெளிச்சம் படாம ஆறு மாசம் கெடந்தா கெழங்கோட செத்துரும். தூக்கிப் பாக்கக் கூடாது" என்று மனைவி தங்கபுஷ்பத்திடம் சொன்னார். மகள் பெயரை எடுக்கக் கூடாது என்றும் அதே குரலில்தான் சொல்லியிருந்தார்.

ஆடிக் காற்றில் பேனர் பகலெல்லாம் படபடத்தது. உலை வைத்தாலும் துணி துவைத்தாலும் தங்கபுஷ்பத்தின் காது அங்கேயே கிடந்தது. நாலாம் மாதம் ஒரு மத்தியானம், அவர் இடுப்பு வலிக்கு ஊசி போடப் போன நேரத்தில், அவளால் பொறுக்க முடியவில்லை. மகள் முகம் இருந்த மூலைக்குப் போய்க் கல்லைப் புரட்டி, பேனரைத் தூக்கினாள்.

கண்ணுக்கு எட்டியவரை கோரை வைக்கோலாகச் செத்துக் கிடந்தது. அந்த மூலையில் மட்டும் ஒரு முழத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றது. மகளின் கன்னத்தில் மண் இல்லை, துடைத்த தடம் இருந்தது. எதிரே தரையில் இரண்டு முழங்கால் அழுந்திய பள்ளம்.

தங்கபுஷ்பம் பேனரை இறக்கினாள். பாறாங்கல்லை அப்பால் உருட்டிவிட்டு, கனமில்லாத கல்லாக ஒன்று தேடி எடுத்துவந்து அந்த மூலையில் வைத்தாள்.